கடற்சங்குக்கு மாற்றாக வார்ப்புச் சங்கு

அந்தமானுக்குச் செல்வோர் நினைவுப் பொருளாகப் பெரிதும் நாடுவன சங்கும் சிப்பியுமே. இவற்றை மெருகிட்டு விற்பது அத்தீவுகளின் அறியப்பட்ட கைத்தொழில்களுள் ஒன்று. எனினும் தலைக்கவசச் சங்கு, டிரைட்டன் சங்கு, நாட்டிலஸ் முதலியன 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. டிரைட்டன் சங்கு, பவளத்தைத் தின்றழிக்கும் முட்கிரீட நட்சத்திர மீனை இரையாகக் கொள்வது. ஆதலால் தடை நியாயமானதே. ஆனால் மெருகிட்டுப் பழகிய கைகளுக்கு வேறு வேலை வேண்டுமல்லவா? வீட்டிலேயே செய்யத்தக்க ரெசின் வார்ப்பு அதற்கொரு வழியாகலாம்.

முதலில் வேண்டுவது மூல உரு. இதற்காகக் கடற்சங்கைத் தேடுதல் கூடாது. அது நோக்கத்தையே கெடுத்துவிடும். ஸ்ரீ விஜயபுரம் என 2024இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரின் சமுத்ரிகா அருங்காட்சியகத்தில் சங்குகளை உற்றுநோக்கி, ஆறேழு சென்டிமீட்டர் அளவில் மெழுகில் செதுக்கிக்கொள்ளலாம். கந்தகம் கலந்த களிமண் ஆகாது. பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் அதன்மீது இறுகாது பிசுபிசுக்கும். சங்கின் வாயை ஆழமின்றி மூடிவிடுதல் நலம்.

சுவாமிமலைச் சிற்பி தம் மெழுகு உருவை உருக்கியும், மண் அச்சை உடைத்துமே ஒரு படிமத்தைப் பெறுகிறார். சிலிக்கோன் அச்சோ வளைந்து கொடுத்து உருவை விடுவிக்கும். மீண்டும் மீண்டும் பயன்படும். உருவின் ஒரு பாதியைச் சாதாரண மெழுகில் பதித்து, சிலிக்கோனை மெல்லிய தாரையாக உயரத்திலிருந்து ஊற்றினால் காற்றுக் குமிழிகள் உடைந்துவிடும். அது இறுகிய பின் திருப்பி, வாசலின் தடவி மறுபாதியை ஊற்றுக. வாசலின் மறந்தால் இரு பாதிகளும் ஒட்டிக்கொள்ளும்.

தீவின் உண்மையான இடையூறு ஈரப்பதம். பாலியூரித்தேன் ரெசின் ஈரத்தைக் கண்டால் கரியமில வாயுவை வெளியிட்டு நுரைத்துவிடும். எபாக்சி இவ்வகையில் பொறுமையானது; எனினும் அதன் மேற்பரப்பிலும் மங்கல் படரக்கூடும். மே முதல் டிசம்பர் வரை நீளும் மழைக்காலத்தில் உருச் செதுக்குவதும், ஜனவரி முதல் ஏப்ரல் வரை வார்ப்பதும் ஏற்ற முறை. ரெசினும் வன்மையாக்கியும் குறிப்பிட்ட விகிதத்தில் கலக்கப்படல் வேண்டும், கண்ணளவு உதவாது.

வெறும் ரெசின் கையில் இலேசாக இருக்கும், வாங்குபவர் ஏமாற்றமடைவார். நன்கு உலர்த்திய சலவைக்கல் மாவைக் கலந்தால் கனம் கூடும், இறுகும்போது எழும் வெப்பம் தணியும், கப்பலில் வரவேண்டிய ரெசினின் செலவும் குறையும்.

கையுறை அணிதலும் காற்றோட்டமான இடத்தில் பணியாற்றுதலும் இன்றியமையாதவை. சமையற்கட்டில் இத்தொழில் கூடாது. எஞ்சிய ரெசினை இறுகவிட்டே அகற்றுக. சாக்கடை வழியாகக் கடலில் சேர்ப்பின் ஒன்றைக் காக்கப்போய் மற்றொன்றைக் கெடுத்ததாகும். ஒவ்வொரு வார்ப்பின் அடியிலும் ‘வார்ப்பு’ எனும் சொல்லை மூல உருவிலேயே பொறித்துவிட வேண்டும். இன்றேல் பயணியின் பெட்டியைச் சோதிப்போர் ஐயுறுவர். உண்மைச் சங்கைக் கடத்துவோரும் அதை வார்ப்பென்று கூறித் தப்ப முயல்வர்.