திசை மாறிய உணவகம்

நுழையும்முன்

தொழிலைத் தொடங்கத் துணிவு வேண்டும். காலத்திற்கேற்ப அதன் திசையை மாற்றத் தெளிவும் வேண்டும். எதனை விடுவது, எதனைக் காப்பது என்றறிவதே அத்தெளிவு.

பெங்களூரில் 1924ஆம் ஆண்டு மையா உடன்பிறந்தார் சிறியதோர் உணவகத்தைத் தொடங்கினர். அதுவே பின்னாளில் மாவள்ளி டிபன் ரூம்ஸ் எனப் பெயர்பெற்றது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அரிசியின்றி இட்லி ஏது? உணவகத்தார் ரவையைக் கொண்டு இட்லி செய்து பார்த்தனர். ரவா இட்லி இவ்வாறே தம் அடுக்களையில் பிறந்தது என்பர் அந்நிறுவனத்தார்.

1975இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. உணவகங்கள் பண்டங்களை மிகக் குறைந்த விலையில் விற்கவேண்டிய நிலை உருவாயிற்று. தரத்தைக் குறைத்தால் பெயர் கெடும். குறைக்காவிடில் முதல் கரையும். அவர்கள் மூன்றாவது வழியைத் தேர்ந்தனர். உடனடி உணவுக் கலவைகளைப் பொட்டலமிட்டு விற்கும் தொழிலில் இறங்கினர். உணவகத்தின் கைப்பக்குவம் வீடுகளின் அடுக்களைகளைச் சென்றடைந்தது.

முதல்முறை மூலப்பொருள் மாறியது. அடுத்தமுறை விற்கும் முறையே மாறியது. ஆயினும், தாம் நன்கறிந்த சமையற்கலையை அவர்கள் கைவிடவில்லை. புதிய திசையிலும் பழைய திறனே அவர்களுக்கு முதலாயிற்று.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் தொழிலின் போக்கை மாற்றிக்கொண்ட ஒருவருடன் உரையாடி, அவர் விட்டதையும் காத்ததையும் எழுதுக.