என் மீன் வறுவலைத் தூக்கிய பருந்து



போன வருஷம் டிசம்பர் மாதம், மத்தியான இடைவேளை. மைதானத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். அம்மா சங்கரா மீன் வறுத்து வைத்திருந்தாங்க. ஒரு துண்டை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனேன். 'விஷ்ஷ்' என்று ஒரு காற்று. மீனைக் காணோம்! விரலில் ஒரு கீறல்தான் மிச்சம்.

"டேய், கழுகு டா!" என்று எல்லோரும் கத்தினார்கள். சயின்ஸ் சார் சிரித்துவிட்டு, "கழுகு இல்லடா, பருந்து. வாலைப் பார்த்தியா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். அதில் எழுதியதும் சார் சொன்னதும் புத்தகத்தில் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

அடையாளம்

இதன் பெயர் கரும்பருந்து. கள்ளப்பருந்து என்றும் சொல்வார்கள். (என் மீனைக் கேட்டால் இரண்டாவது பெயர்தான் சரி!) உடம்பு முழுக்கக் கரும்பழுப்பு நிறம். வாலின் முனை மீன்வால் போல நடுவில் பிளந்திருக்கும். காசிமேட்டுப் பக்கம் இன்னொரு பருந்தும் பறக்கும். அதற்குத் தலையும் மார்பும் வெள்ளை, மற்ற இடமெல்லாம் செங்கல் நிறம், வால் முனை வட்டம். அது செம்பருந்து. அதைப் பார்த்துத்தான் நம்ம பாட்டிகள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

கரும்பருந்து இறக்கையை விரித்தால் சுமார் ஒன்றரை மீட்டர் இருக்கும். ஆனால் எடை ஒரு கிலோகூட இல்லை. அதனால்தான் சூடான காற்று மேலே எழும்பும்போது, இறக்கையை அடிக்காமலே வட்டம் போட்டு உயரே போக முடிகிறது. வாலைத் திருப்பித் திருப்பி, படகுக்குச் சுக்கான் மாதிரி பயன்படுத்துகிறது. சின்ன இரையாக இருந்தால் பறந்துகொண்டே காலில் பிடித்துக் கொத்தித் தின்னும்.

திருடனா, துப்புரவாளரா?

என் நோட்டில் ஒரு வாரக் கணக்கு: செத்த எலி 2, மீன் குடல் 5, கோழிக்கடைக் கழிவு 4, திருட்டு 1. அதாவது 12 தடவையில் 11 தடவை அது எடுத்தது நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகும் பொருள். சம்பளம் வாங்காமல் நம் தெருவைச் சுத்தம் செய்கிறது.

கூடு

எங்கள் மொட்டைமாடிக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். ஜனவரியில் ஒரு ஜோடி அதில் குச்சி சேர்த்தது. உள்ளே பழந்துணி, பிளாஸ்டிக் எல்லாம் வைத்தது. பொதுவாக 2 அல்லது 3 முட்டை இடும். ஒரு மாதம் அடைகாக்கும். மார்ச் நடுவில் இரண்டு வெள்ளைத் தலைகள் எட்டிப் பார்த்தன. நான் மாடியிலேயே குதித்தேன்!

பச்சை நூல்

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். அந்த மாதம் நானும் காத்தாடி விட்டேன், நைலான் மாஞ்சாவில். டீலில் நூல் அறுந்து அந்த மரத்தில் மாட்டியது. "போனா போகுது" என்று விட்டுவிட்டேன்.

நாலு நாள் கழித்து ஒரு பருந்து மரத்தில் தலைகீழாகத் தொங்கியது. தீயணைப்பு வீரர்கள் ஏணி வைத்து இறக்கினார்கள். இறக்கை எலும்பு வரை அறுந்திருந்தது. பார்த்த டாக்டர், "உயிர் பிழைக்கும், ஆனா இனிமே பறக்காது" என்றார். சுற்றியிருந்தது பச்சை நூல். அது என் நூல்தானா என்று எனக்குத் தெரியாது. என் நூலும் பச்சைதான்.

மிச்சம் இருந்த பருந்து தனியாக இரை கொண்டுவந்தது. மே மாதம் ஒரு குஞ்சுதான் பறந்தது.

நாம் என்ன செய்யலாம்?

1. நைலான் மாஞ்சா வேண்டாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. அது மனிதர்கள் கழுத்தையும் அறுக்கும்.
2. அறுந்த நூலைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். உயரத்தில் மாட்டினால் ஏறாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள்.
3. அடிபட்ட பருந்தைப் பெரியவர்கள் துணியால் மூடி, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைக்கட்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உடனே வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா?

* டெல்லியில் நதீம் ஷெஹ்சாத், முகமது சௌத் என்ற சகோதரர்கள் அடிபட்ட பருந்துகளுக்கு வைத்தியம் பார்ப்பதை 'ஆல் தட் பிரீத்ஸ்' (2022) என்ற ஆவணப்படம் காட்டுகிறது. அது 2023-இல் ஆஸ்கர் போட்டி வரை போனது.
* ஸ்பெயினில் கரும்பருந்துகள் கூட்டில் வெள்ளை பிளாஸ்டிக்கை வைத்துத் தங்கள் பலத்தை மற்ற பருந்துகளுக்குக் காட்டுகின்றன என்று 2011-இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

இப்போதும் மைதானத்துக்கு மேலே ஒரு பருந்து சுற்றுகிறது. டிபன் பாக்ஸை மூடி வையுங்கள். அப்படியே அதன் வாலையும் ஒரு தடவை பாருங்கள்.



- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்