பொதுக் கணினியும் கிழிக்கப்படாத சீட்டும்

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள், விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணைய வசதியைத் திறந்துவிட்டது. பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்கள் அதனை முதலில் பெற்றன. தமிழ்நாட்டின் தலைநகரும் நாம் கற்க வந்த நகரும் ஒருங்கே இணையத்தில் அடியெடுத்து வைத்தன என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியே. அன்று சிலருக்கே கிட்டிய வசதி, இன்று ஹவுரா நிலையத்தில் சென்னை மெயிலுக்குக் காத்திருக்கும் மாணவனுக்கும் விலையின்றிக் கிடைக்கிறது. விலையின்றிக் கிடைப்பதை விழிப்பின்றிப் பயன்படுத்தலாமா என்பதே இங்கு நாம் ஆராய வேண்டிய கேள்வி.

அண்மையில் நம் மாணவர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் கூறுகிறேன். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். அவர் ஒரு ஜெராக்ஸ் கடைக்குச் சென்று, அங்கிருந்த கணினியில் தம் வாட்ஸ்அப்பைத் திறந்து, ஆதார் நகலையும் மதிப்பெண் பட்டியலையும் அச்செடுத்தார். பின்னால் கூட்டம் நெருக்கவே, திரையை மட்டும் மூடிவிட்டு ஓடினார். மாலையில் ஊரிலிருந்த அவர் தந்தைக்கு மகன் பெயரால் ஒரு செய்தி சென்றது. தேர்வுக் கட்டணத்திற்கு உடனே 8,000 ரூபாய் வேண்டும் என்றும், நண்பனின் எண்ணுக்கு அனுப்புமாறும் அது வேண்டியது. எப்போதும் தமிழிலேயே எழுதும் மகன் ஆங்கிலத்தில் எழுதியது தந்தைக்குச் சற்று வியப்பளித்தது. எனினும், அவசரம் போலும் என்று எண்ணி, அடகு நகையை மீட்க வைத்திருந்த பணத்தை அனுப்பிவிட்டார். அது திரும்பி வரவில்லை.

“நான் கடவுச்சொல் எதையும் தட்டச்சு செய்யவே இல்லையே! பிறகு எப்படி நுழைந்தார்கள்?” என்று அந்நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடை கண்டால் பாதுகாப்பின் பாதியைக் கற்றவராவோம்.

நாம் ஒரு தளத்தில் நுழையும்போது, அது நம்மை ஒருமுறை சோதித்து, உலாவியிடம் ஓர் அடையாளச் சீட்டைக் கொடுத்துவிடுகிறது. குக்கி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இத்தகைய சீட்டே. அதன்பின் தளம் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, சீட்டையே பார்க்கிறது. சீட்டு எவர் கையில் உள்ளதோ அவரே நாம்! திரையை மூடுவதால் சீட்டு கிழிவதில்லை. ‘வெளியேறு’ என்பதை அழுத்தினால்தான் அது செல்லாததாகும். நம் நண்பர் கடையில் விட்டு வந்தது இச்சீட்டைத்தான்.

இதே சீட்டைக் காற்றிலும் கவர முடியும் என்பதை 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் எரிக் பட்லர் என்பார் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்னும் சிறு மென்பொருள் உலகுக்குக் காட்டியது. அந்நாளில் பல தளங்கள் கடவுச்சொல்லை மட்டும் மறைத்து அனுப்பிவிட்டு, சீட்டை வெளிப்படையாக அனுப்பிவந்தன. திறந்த வைஃபையில் அருகே அமர்ந்திருப்பவர் அச்சீட்டை எடுத்துக்கொண்டு பிறர் கணக்கினுள் எளிதாகப் புகுந்துவிடலாம். அந்த அதிர்ச்சிக்குப் பின்னரே பெருந்தளங்கள் பலவும் தம் போக்குவரத்து முழுவதையும் மறைத்து அனுப்பத் தொடங்கின.

இதனை அஞ்சலைக் கொண்டு விளக்கலாம். ‘எச்.டி.டி.பி.’ என்று தொடங்கும் முகவரியில் செல்வது அஞ்சலட்டை போன்றது. வழியில் உள்ளவர் எவரும் படிக்கலாம். ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்று தொடங்குவது முத்திரையிட்ட உறை போன்றது. எந்தத் தளத்திற்குச் செல்கிறது என்பது பெரும்பாலும் தெரியும், உள்ளிருப்பது தெரியாது. இன்று பெரும்பாலான தளங்கள் உறையையே பயன்படுத்துகின்றன. ஆதலின், பொது வைஃபையைத் தொட்டாலே பணம் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. எனினும், இரண்டு இடர்கள் எஞ்சியுள்ளன.

ஒன்று, போலி அஞ்சற்பெட்டி. வைஃபைக்கு எந்தப் பெயரையும் எவரும் வைக்கலாம். விமான நிலையங்களிலும் விமானங்களிலும் அவ்வாறு போலி வைஃபை அமைத்து, மக்களுடைய மின்னஞ்சல் கடவுச்சொற்களைத் திரட்டியதாக ஆஸ்திரேலியாவில் 2024-ஆம் ஆண்டு ஒருவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. மக்களே ஏமாந்து போலிப் பக்கத்தில் எழுதித் தருமாறு செய்வதே இவ்வகை மோசடியின் முறை. நம் இரயில் நிலையங்களில் ரெயில்டெல் வழங்கும் இலவச வைஃபைக்குத் திறன்பேசி எண்ணும், அதற்கு வரும் ஓ.டி.பி.யும் போதும். அங்கே மின்னஞ்சல் கடவுச்சொல்லை ஒரு பக்கம் கேட்குமாயின், அது போலி என்று கொள்க.

மற்றொன்று, முத்திரை மாறிய உறை. ‘இத்தளத்தின் சான்றிதழ் பொருந்தவில்லை’ என்று உலாவி எச்சரித்தால், உறையின்மீது வேறொருவர் முத்திரை உள்ளது என்று பொருள். அப்போது மேலே செல்லாமல் திரும்புவதே அறிவுடைமை. பூட்டுக் குறி இருப்பதனால் மட்டும் தளம் நல்லதாகிவிடாது என்பதையும் மறத்தலாகாது. திருடனும் உறைக்கு முத்திரையிடக் கூடும். முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தல் வேண்டும்.

வி.பி.என். பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பர். அது நம் உறைகளை எல்லாம் ஒரு பையிலிட்டு வேறொரு நிறுவனத்தின் வழியே அனுப்புவது. அந்நிறுவனம் நம்பத்தக்கதாயின் நன்று. பெயர் அறியாத இலவச வி.பி.என்., கடைக்காரருக்கு அஞ்சி வழிப்போக்கரிடம் பையைக் கொடுப்பதாகும். வங்கி வேலைக்கு நம் திறன்பேசியின் சொந்த டேட்டாவே சிறந்தது.

இனிப் பொதுக் கணினிக்கு வருவோம். வைஃபையைவிட இதுவே மிகுந்த இடருடையது. ஏனெனில், உறை எவ்வளவு உறுதியாயினும், எழுதும் மேசையே பிறருடையது. விசைப்பலகையில் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்யும் மென்பொருளும் உண்டு. கணினியின் பின்புறம் செருகும் சிறு கருவியும் உண்டு. உலாவியின் தனிச் சாளரம், மூடியவுடன் சீட்டுகளை அழித்துவிடும். ஆனால் எழுத்துப் பதிவைத் தடுக்காது. நாம் இறக்கிய கோப்புகளையும் அழிக்காது. ஆதலின், பின்வருவனவற்றைப் பழக்கமாக்கிக் கொள்வோம்.

பொதுக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கவே கூடாது. பிற கணக்குகளைத் திறக்க நேர்ந்தால், தனிச் சாளரத்தில் திறந்து, முடிந்ததும் ‘வெளியேறு’ என்பதை அழுத்த வேண்டும். ‘கடவுச்சொல்லை நினைவில் கொள்ளவா?’ என்று உலாவி கேட்டால் மறுக்க வேண்டும். இறக்கிய கோப்பை நீக்கி, குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்க வேண்டும். ஆதார் நகல் தேவைப்படின், ஏற்கப்படும் இடங்களில், கடைசி 4 இலக்கங்களை மட்டும் காட்டும் மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம். மின்னஞ்சலுக்கு இருபடிச் சரிபார்ப்பை அமைத்தால், கடவுச்சொல் ஒன்றை மட்டும் திருடியவர் உள்ளே நுழைவது கடினம்.

மறந்து வந்துவிட்டால்? கலங்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்னும் பகுதியைத் திறந்தால், கடைக் கணினி அங்கே நிற்பதைக் காணலாம்; நம் திறன்பேசியிலிருந்தே அதனை வெளியேற்றலாம். மின்னஞ்சலிலும் இவ்வாறே பிற சாதனங்களை வெளியேற்றிவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். பணம் போயிருப்பின், உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்த, விரைவே துணை. பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. ஆதலின், புகார் கொடுக்க நாணுதல் வேண்டா. ஏமாந்தவர் குற்றவாளி அல்லர்.

இறுதியாக ஒன்று. இந்த எச்சரிக்கை நம்மோடு நின்றுவிடின் பயனில்லை. நமக்காகப் பணம் அனுப்புகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். “என் பெயரில் செய்தி வந்தால், என்னை அழைத்துப் பேசிய பிறகே பணம் அனுப்புங்கள்” என்று இன்றே வீட்டுக்குச் சொல்லி வையுங்கள். வழக்கமாகத் தமிழில் எழுதும் மகன் அன்று ஏன் ஆங்கிலத்தில் எழுதினான் என்று அத்தந்தை ஒருமுறை அழைத்துக் கேட்டிருந்தால், அந்த நகை இப்போது வீட்டில் இருந்திருக்கும்.