ரீபூட்டைக் கெர்னலிடமிருந்து கேட்டு வாங்குவது

தொழிற்சாலைக் கருவி ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். சென்சார் போர்டு பிழை என்று சிக்னல் கொடுத்தால் கருவி தானே ரீபூட் ஆக வேண்டும். இன்டரப்ட் ஹேண்ட்லரிலேயே ‘எமர்ஜென்சி ரீஸ்டார்ட்’ ஃபங்ஷனைக் கூப்பிட்டேன். சோதனை மேசையில் குறையே இல்லை. களத்துக்குப் போனபின், ரீபூட்டுக்குச் சற்று முந்தைய அளவீடுகள் கோப்பில் இல்லை என்று தெரிந்தது. பிழைக்குக் காரணம் சொல்லக்கூடியவை அவை மட்டுமே.

கோப்பில் எழுதுவது முதலில் நினைவகத்தில்தான் தங்கும். எழுதி 30 வினாடி ஆன பக்கங்களைத்தான் லினக்ஸ் வழக்கமாக வட்டுக்கு அனுப்பும். எமர்ஜென்சி ரீஸ்டார்ட் அதற்குக் காத்திருக்காது, டிவைஸ்களை மூடாது. வன்பொருளை நேராக ரீசெட் செய்துவிடும். எங்கும் காத்திருக்காததால்தான் இன்டரப்டிலிருந்து அதைக் கூப்பிட முடிகிறது.

ஒரு பயனர் நிரல் ரீபூட் கேட்டால் அதற்குரிய அனுமதியோடு இரண்டு மாய எண்களும் தர வேண்டும். ஒன்றை ஹெக்ஸில் எழுதினால் 28121969, லினஸ் டொர்வால்ட்ஸ் பிறந்த நாள். தவறிக் கூப்பிடுவதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. கெர்னலுக்குள் அப்படி ஒரு பூட்டு கிடையாது. கவனம் முழுக்க நம் பொறுப்பு.

அடுத்து ‘கெர்னல் ரீஸ்டார்ட்’. இது ரீபூட் நோட்டிஃபையர்களுக்குச் சொல்லி, ஒவ்வொரு டிரைவரின் ஷட்டவுன் ஃபங்ஷனையும் கூப்பிடும். இடையில் தூங்கக்கூடும் என்பதால் வொர்க்-க்யூவுக்கு மாற்றினேன். கருவி அப்படியே உறைந்து நின்றது. இரண்டு நாள் தேடினேன். என் ஷட்டவுன் ஃபங்ஷன், நிலுவையிலுள்ள வொர்க் முடியட்டும் என்று காத்திருந்தது. அந்த வொர்க்தான் ரீபூட்டைத் தொடங்கியதே. தான் முடியத் தானே காத்திருந்தது. போதாததற்கு, இந்த வழியும் கோப்பு முறைமையை சிங்க் செய்வதில்லை.

இப்போது ‘ஆர்டர்லி ரீபூட்’தான் பயன்படுத்துகிறேன். இன்டரப்டிலிருந்தும் கூப்பிடலாம், ஏனென்றால் வேலையை வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும். பிறகு பயனர் பக்கத்து ரீபூட் நிரலைக் கெர்னல் இயக்கும். சேவைகள் முறைப்படி நிற்கும், கோப்பு முறைமை கழற்றப்படும். அந்த நிரலைத் தொடங்கவே முடியாவிட்டால், அவசர சிங்க்குக்குச் சொல்லிவிட்டுக் கெர்னல் தானே ரீஸ்டார்ட்டுக்குப் போகும்.

நான் ஏமாந்த இடம் இதில்தான். நிரல் தொடங்கியதா என்று மட்டும்தான் கெர்னல் பார்க்கும். பாதியில் ஒரு சேவை முரண்டுபிடித்தால் அதற்குத் தெரியாது. அதனால் முன்கூட்டியே ஒரு டைமர் வைத்து, அது முடிந்தால் எமர்ஜென்சி ரீஸ்டார்ட் என்று எழுதினேன். முதலில் 60 வினாடி வைத்தேன். எழுதி முடிக்காத தரவுத்தளத்தை அது வெட்டிவிட்டது. நிற்க மறுக்கும் சேவைக்கு சிஸ்டம்டி இயல்பாகவே 90 வினாடி தருகிறது. இப்போது 120. டிரைவரின் ஷட்டவுனில் இந்த டைமரை நீக்கிவிடாதீர்கள். கெர்னலே உறைந்தால் காப்பாற்ற வன்பொருள் வாட்ச்டாக்கும் வேண்டும். சில வாட்ச்டாக் டிரைவர்கள் ரீபூட் தொடங்கியதும் அதை நிறுத்திவிடும், உங்களுடையது எப்படி என்று பாருங்கள்.

பிழை வன்பொருளையே கருக்கிவிடும் வகை என்றால் 120 வினாடி கிடையாது. அங்கே தரவை விட்டுக்கொடுத்து, டைமரைச் சில வினாடிகளுக்குள் சுருக்கிவிடுகிறேன்.