மைக் ஆசையும் நிருபர் வேலையும்

சாதிக் கொடுமை, காவல் நிலைய மரணம், பெண்கள் மீதான வன்முறை, பறிபோகும் நிலம் என்று எழுதவும் பேசவும் துடிப்போடு ஊடகப் படிப்புக்கு வரும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் துடிப்பு உண்மையானது. படிப்பு முடிந்து அவர்களில் பலர் போய் நிற்கும் இடம்தான் கவலை தருகிறது. விஸ்காம் வகுப்பில் உட்காரும்போதே பலருக்கும் நெறியாளர் கனவு வந்துவிடுகிறது. வீட்டிலோ வேறு கணக்கு: “பத்திரிகையில் சம்பளமும் வராது, வம்புதான் வரும். போவதென்றால் டிவிக்குப் போ, நாலு பேருக்கு முகமாவது தெரியும்.” பிள்ளையின் ஆசையும் பெற்றோரின் பயமும் இப்படி ஒரே வாசலில் போய்ச் சேர்கின்றன. உரிமைச் செய்திகளை எழுத வந்தவருக்கு அந்த வாசல் பொருந்துமா என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடலாம். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய இருவர் விஷவாயு தாக்கி இறந்தார்கள் என்ற செய்தி, காவல் நிலையத்திலிருந்து நாலு வரியாக வரும். அந்த நாலு வரியை யாரும் எழுதிவிடலாம். சமூகப் பிரச்சினைகளைப் பின்தொடரும் நிருபருக்கு வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. மனிதர்களைக் கொண்டு மலம் அள்ளச் செய்வதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்குப் பதிந்தார்களா, கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்களா? ஒப்பந்ததாரர் யார், டெண்டர் யாருடையது? இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தப் பணம் வந்து சேர்ந்ததா என்று ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போய்க் கேட்பவரே இந்தத் துறைக்கு வேண்டிய நிருபர். இந்த வேலையை எங்கே கற்க முடியும், எங்கே செய்ய முடியும் என்பதை வைத்துத்தான் இடங்களை ஒப்பிட வேண்டும்.

தமிழ் நாளிதழ், ஆங்கில நாளிதழ், வார இதழ், இணைய இதழ், தனித்து எழுதுவது, தொலைக்காட்சி. இந்த ஆறு வழிகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. இவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சியின் விவாத மேசையும் அதன் இளைய வடிவமான யூடியூப் பேட்டியும்தான் அது. மாலை விவாதத்தின் தலைப்பு காலைக் கூட்டத்தில் முடிவாகிறது. மதியத்துக்குள் விருந்தினர்களைப் பிடித்தாக வேண்டும். ஸ்டுடியோ சென்னையில் இருப்பதால் நேரில் வரக்கூடியவர்களும் சென்னையில் இருப்பவர்களே: கட்சிப் பேச்சாளர், வழக்கறிஞர், “சமூக ஆர்வலர்”. பாதிக்கப்பட்டவர் தொலைபேசியில் ஒரு நிமிடம் பேசினால் பெரிது. நெறியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், குரல், வேகம், குறுக்கிடும் திறமை ஆகியவற்றை வைத்தே அங்கே மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் திறமைக்கு அந்த ஒரு மணி நேரத்தில் இடமே இல்லை.

வேங்கைவயலை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் கடைசியில் வெளியே தெரிந்தது. அந்த வாரங்களில் மாநிலமே அதைப் பேசியது. பிறகு வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதியைக் கொண்டு ஒருநபர் ஆணையம் அமைத்தது. டிஎன்ஏ சோதனைகள் நடந்தன. 2025 ஜனவரியில், அதே பட்டியலினக் குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானதாகச் செய்தி வந்தபோது அங்குள்ள மக்கள் அதை ஏற்க மறுத்தார்கள். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் யார் யாரிடம் மாதிரி எடுத்தார்கள், விசாரணை எந்தத் திசையில் நகர்ந்தது என்று குறித்து வைத்திருந்த நிருபரால் மட்டுமே அந்தச் செய்தியை வாசகருக்கு விளக்க முடியும். அன்று மாலை மேசையில் உட்கார்ந்து முதல்முறையாகக் கோப்பைப் புரட்டுபவரால் முடியாது. இதை நெறியாளர்களின் குறையாகச் சொல்லவில்லை. அந்த வேலையின் அமைப்பே அப்படி.

யூடியூப் பேட்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின் கீழ் குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயர், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் எதையும் சொல்லக் கூடாது என்கிறது. நாளிதழில் ஒரு பயிற்சி நிருபர் தவறிப்போய் ஊர்ப் பெயரோடு அப்பாவின் தொழிலையும் எழுதிவிட்டால், டெஸ்கில் இருக்கும் மூத்த துணை ஆசிரியர் பேனாவால் அடித்துவிடுவார். சொந்தச் சேனலில் அடித்துத் தர யாரும் இல்லை. தாயிடம் மைக்கை நீட்டி அழவைத்த காட்சி இணையத்துக்குப் போய்விட்டால் அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளான பிறகும் அது அங்கேயே கிடக்கும். பார்வை எண்ணிக்கையை நம்பி வீட்டு வாடகை கட்டும் நிலையில் இருக்கும் இருபத்து மூன்று வயதுக்காரர், அதை நீக்குவதா வேண்டாமா என்று தனியாக முடிவெடுக்க நேர்வது அவருக்கே செய்யும் அநியாயம்.

வேலைப் பாதுகாப்பைப் பேசுகிற பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்படி வந்த மஜிதியா ஊதியக்குழுவும் செய்தித்தாள் ஊழியர்களுக்கானவையாகவே இருந்தன. தொலைக்காட்சிக்காரர்கள் பல பத்தாண்டுகள் அந்த வேலிக்கு வெளியேதான் நின்றார்கள். செய்தித்தாள்களும் ஊதியக்குழுவை ஒழுங்காகப் பின்பற்றியதில்லை என்பது உண்மை. ஆனால் முகம் தெரிவதால் வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. முப்பத்தைந்து வயதில் நிர்வாகம் வேறு முகம் தேடினால், கையில் ஒரு மாவட்டத்தின் வழக்கு விவரமோ, நம்பிப் பேசும் பத்து ஊர்க்காரர்களோ இல்லாத நெறியாளர் எதை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்?

தொலைக்காட்சியிலும் மாவட்டங்களில் மழையிலும் வெயிலிலும் நிற்கும் செய்தியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலை வேறு. கேமராவோடு களத்துக்குப் போக விரும்புகிறவர் தாராளமாகப் போகலாம். ஸ்டுடியோ நாற்காலிக்காகப் போக வேண்டாம்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில். காவல் நிலையம், நீதிமன்றம், மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டம், அரசு மருத்துவமனைப் பிணவறை வாசல். இந்த நாலு இடங்களிலும் மூன்று ஆண்டுகள் நின்றவருக்கு ஓர் அரசாங்கம் ஏழையை எப்படி நடத்துகிறது என்பது மனப்பாடமாகிவிடும். எவ்வளவு பெரிய கல்லூரியும் அதற்கு ஈடாகாது. குறைதீர் கூட்டத்தில் ஒரே மனுவோடு எட்டாவது முறையாக வரும் மூதாட்டியைக் கவனிக்கிற கண் இருந்தால் செய்தி அங்கேயே தொடங்கிவிடும்.

ஒரு நாளிதழ்ச் செய்தி என்ன செய்யும் என்பதற்கு உத்தப்புரம் சாட்சி. மதுரை மாவட்டத்தின் அந்த ஊரில் தலித் மக்களைப் பிரித்து எழுப்பிய சுவரின் மேல் மின்சாரம் பாய்ச்சிய கம்பிகள் இருப்பதை ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் 2008 ஏப்ரலில் வெளியிட்டது. கம்பிகளில் ஓடிய மின்சாரம் நின்றது. இடதுசாரிகளும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் போராட, மே 6 அன்று சுவரின் ஒரு பகுதியை அரசே இடித்தது. சுவரோ ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஊரறிய நின்றிருந்தது. பக்கத்து ஊர்களுக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தியாகப் பார்க்கும் ஒருவர் அங்கே போக வேண்டியிருந்தது.

மாவட்ட வேலையின் கசப்பையும் மறைக்கக் கூடாது. தாலுகாவில் பகுதி நேர நிருபராகச் சேர்ப்பார்கள். மாதச் சம்பளம் இருக்காது, வெளியான செய்திக்கு ஏதோ கொடுப்பார்கள். பொங்கல், தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடிக்கச் சொல்வார்கள். விளம்பரம் தரும் கல்குவாரி முதலாளியைப் பற்றி மறுவாரம் எப்படி எழுதுவது? பிரஸ் மீட்டில் ‘கவர்’ நீட்டுவார்கள். முதல் கவரை வாங்கியவருக்கு இரண்டாவதை மறுப்பது கடினம். எனவே சேரும்போதே இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: நியமனக் கடிதம் உண்டா? விளம்பர இலக்கு உண்டா? முதலாவதற்கு இல்லை என்றோ இரண்டாவதற்கு ஆமாம் என்றோ பதில் வந்தால் வேறு பத்திரிகை பார்ப்பது நல்லது.

ஆங்கில நாளிதழில் சம்பளம் பொதுவாகக் கூடுதல், அதிகாரிகள் சீக்கிரம் படிக்கிறார்கள். சென்னை தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரியின் ஓராண்டுப் படிப்பில் வறுமையையும் புறக்கணிப்பையும் எழுதுவதற்கென்றே தனிப் பாடமும் களப்பயணமும் உண்டு. நல்ல பயிற்சிதான், கட்டணம் பல லட்சம். கடன் வாங்கிச் சேர்வதற்கு முன் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வார இதழில் ஒரு செய்திக்குக் கூடுதல் நாட்களும் பக்கங்களும் கிடைக்கும். இருவார இதழான ‘பிரண்ட்லைன்’இல் எஸ். விஸ்வநாதன் 1995 முதல் 2004 வரை தமிழ்நாட்டின் தலித்துகள் மீதான வன்முறை பற்றி எழுதிய கட்டுரைகள் 2005இல் நூலாக வந்தன. மேலவளவு கொலைகள் முதல் தாமிரபரணி மரணங்கள் வரை அந்தப் பத்தாண்டைப் புரிந்துகொள்ள விரும்பும் மாணவர் முதலில் எடுக்க வேண்டிய புத்தகம் அது. கல்லூரியில் இருக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது செலவில்லாத நல்ல தொடக்கம்.

தனித்து எழுத விரும்புகிறவர்கள் பி. சாய்நாத்தின் பெயரைச் சொல்வார்கள். நாட்டின் மிக ஏழை மாவட்டங்களுக்குப் போய் அவர் எழுதிய கட்டுரைகள் 1996இல் நூலாயின. நம்முடைய ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு. 2014இல் அவர் தொடங்கிய ‘பாரி’ இணைய இதழ் தமிழிலும் வருகிறது. ஆனால் அந்த மாவட்டங்களுக்குக் கிளம்புமுன் அவர் பல ஆண்டுகள் பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்தவர் என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். தனியாகப் போகிறவருக்குப் பின்னால் நிறுவனம் இருக்காது. தலித் பெண் ஒருவரின் மரணம் பற்றிச் செய்தி சேகரிக்க ஹாத்ரசுக்குப் போகும் வழியில் 2020 அக்டோபரில் கைதான கேரளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன் 2023 பிப்ரவரியில்தான் சிறையிலிருந்து வெளியே வந்தார். சத்தீஸ்கரின் பீஜாப்பூரில் சாலைப்பணி ஊழலை வெளிக்கொண்டுவந்த சுதந்திரச் செய்தியாளர் முகேஷ் சந்திராகரின் உடல் 2025 ஜனவரியில் ஒரு கழிவுநீர்த் தொட்டியில் கிடைத்தது. இந்த வழி வேண்டாம் என்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. நாலைந்து ஆண்டுகள் ஒரு செய்தி அறையில் வேலை செய்து, ஒரு வழக்கறிஞரையும் நம்பகமான ஓர் ஆசிரியரையும் சம்பாதித்துக்கொண்ட பிறகு போகலாம்.

இதற்குத் தகுதி என்ன? நல்ல நடை பிறகு வரும். கேட்கத் தெரிய வேண்டும். ஒரே மனிதர் ஒரே கதையை மூன்றாம் முறை சொல்லும்போது எங்கே தடுமாறுகிறார் என்று கவனிக்க வேண்டும். காகிதம் படிக்கச் சலிக்கக் கூடாது. எதிர்த்தரப்பிடமும் போய்க் கேட்கிற துணிச்சல் வேண்டும். எந்தச் சாதியில், எந்த வீட்டில் பிறந்தோம் என்பது நம் கண்ணை எங்கே மறைக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். டெல்லியின் பத்திரிகைகளில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடியும் கிடைக்கவில்லை என்று பி.என். உனியால் 1996இல் எழுதினார். செய்தி அறைகளின் தலைமை நாற்காலிகளில் இன்றும் அந்த வெறுமை பெரிதாக மாறிவிடவில்லை. சேரியிலிருந்தும் மலைக்கிராமத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் இந்த வேலைக்குக் கட்டாயம் தேவை. அவர்களை “முதலில் அரசு வேலைக்குப் படி” என்று திருப்பி அனுப்பும் பெற்றோரின் அச்சம் நியாயமானதுதான். அந்த அச்சத்தைப் போக்கும் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியது பத்திரிகை முதலாளிகளின் கடமை.

பிறகு பொறுமை. 1979 ஜனவரி 8, 9 தேதிகளில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் பீகார்ச் சிறைகளின் விசாரணைக் கைதிகள் பற்றி வந்த எழுத்தை வைத்து வழக்கறிஞர் கபிலா ஹிங்கொரானி உச்ச நீதிமன்றம் போனார். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்ற தீர்ப்பு அந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கில் அதே ஆண்டில் வந்தது. எல்லாச் செய்திக்கும் அந்த வேகம் வாய்க்காது. தருமபுரி மாவட்டப் பழங்குடி ஊரான வாச்சாத்தியில் அரசு ஊழியர்கள் நடத்திய கொடுமை 1992 ஜூன் 20இல். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பரில். 269 பேர் மீதான வழக்கில் அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். வேலையில் சேர்ந்த ஆண்டில் அந்த மலையடிவாரத்துக்குப் போன ஒரு நிருபர், உயர் நீதிமன்றத் தீர்ப்பை எழுதும்போது ஓய்வை நெருங்கியிருப்பார்.

இந்தக் கோடை விடுமுறையிலேயே ஒரு மாணவர் தன்னைச் சோதித்துப் பார்க்கலாம். அவரவர் மாவட்டத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவான ஒரு வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் தகவல் அறிக்கை, விலக்குப் பெற்ற வழக்குகள் நீங்கலாக, காவல் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். விசாரணைத் தேதியை ஈகோர்ட்ஸ் தளத்தில் பார்த்துவிட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் போய் உட்கார வேண்டும். அந்தச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகள், மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்கின்றன. கடந்த ஆண்டு எத்தனை முறை கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஆட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு.