பல் வைத்தியக் கருவிகள்: பயனும் பராமரிப்பும்

கேள்வி: பல்லைப் பார்க்கும்போது வைத்தியர் முதலில் எடுக்கும் கருவிகள் எவை?
(வாசகர், பலாங்கொடை)

பதில்: வாய்க் கண்ணாடி, ஆய்வூசி, இடுக்கி ஆகிய மூன்றும் எல்லாச் சிகிச்சைக்கும் அடிப்படை. நேரே பார்க்க முடியாத இடத்தைக் கண்ணாடி காட்டுகிறது, விளக்கொளியை அங்கே திருப்புகிறது, நாக்கையும் கன்னத்தையும் விலக்கிப் பிடிக்கவும் உதவுகிறது. தரமான கண்ணாடியில் பிம்பம் இரட்டையாகத் தெரியாதபடி பூச்சு முன்பக்கத்தில் இருக்கும். அது எளிதில் கீறிவிடுமாதலால் மற்றக் கருவிகளோடு உரசவிடக் கூடாது. ஆய்வூசியின் வளைந்த நுனி சொத்தையின் மென்மையைக் கைக்கு உணர்த்தும். ஈறு எவ்வளவு விலகியுள்ளது என்பதை அளக்க மில்லிமீற்றர் கோடிட்ட வேறோர் ஊசி உண்டு.

கேள்வி: வெற்றிலை போடுபவருக்கு வலி இல்லாவிட்டாலும் பரிசோதனை வேண்டுமா?
(வாசகர், யட்டியாந்தோட்டை)

பதில்: கட்டாயம் வேண்டும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதி உறுதிப்படுத்தியது. சப்ரகமுவ மாகாணத்தின் நகரம், கிராமம், தோட்டம் மூன்றிலும் 30 வயதைக் கடந்த 1029 பேரைப் பரிசோதித்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. புற்றுநோயாக மாறக்கூடிய வாய் மாற்றங்கள் அவர்களில் 11.3 சதவீதத்தினரிடம் இருப்பதாக அது மதிப்பிட்டது. வெண்திட்டு, செந்திட்டு, கன்னம் இறுகி வாய் திறக்க முடியாமற்போதல் ஆகியவை அந்த மாற்றங்கள். தொடக்கத்தில் இவை பெரும்பாலும் வலிப்பதில்லை. கொழுந்து பறிப்பவரும் பால் வெட்டுபவரும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போகத் தயங்குவது இயல்பு. ஆனால் இந்தப் பரிசோதனைக்கு ஒரு கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் சில நிமிடங்களும் போதும். நாக்கின் ஓரம், நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றை வைத்தியர் பார்ப்பார். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணை அரசாங்க வைத்தியசாலையின் பல் பிரிவில் உடனே காட்ட வேண்டும்.

கேள்வி: பல் பிடுங்கும் குறடுகள் ஏன் இத்தனை வகை?
(வாசகர், இறக்குவானை)

பதில்: ஒவ்வொரு பல்லின் வேரும் ஒவ்வொரு விதம். மேல் கடைவாய்ப் பல்லுக்குக் கன்னப் பக்கம் இரண்டு வேர், அண்ணப் பக்கம் ஒன்று. அந்த இரண்டு வேர்களின் நடுவே பொருந்தும்படி குறட்டின் ஓர் அலகு மட்டும் கூராக இருக்கும். ஆகவே இடப் பக்கத்துக்கும் வலப் பக்கத்துக்கும் தனித்தனிக் குறடு வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வேர்; அதற்கு இரண்டு அலகுகளும் கூராக உள்ள ஒரே குறடு இரு பக்கத்துக்கும் பொருந்தும். குறடு வைக்கும் முன் பல்லைச் சுற்றியுள்ள நாரைத் தளர்த்தி, பல்லை அசைத்துக் கொடுப்பது எலிவேட்டர். பொருந்தாத குறட்டால் இழுத்தால் பல் முறிந்து வேர் உள்ளேயே தங்கிவிடலாம்.

கேள்வி: மின்சார வசதியில்லாத இடத்தில் பல் அடைக்க முடியுமா?
(ஆசிரியர், கேகாலை)

பதில்: பல சொத்தைகளுக்கு முடியும். 1980களின் நடுப்பகுதியில் தன்சானியாவில் யோ பிரெங்கன் இதற்கான முறையை உருவாக்கினார். கரண்டி போன்ற சிறு கைக்கருவியால் மென்மையான சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடி அயனோமர் சீமெந்தால் குழியை அடைப்பார்கள். அந்தச் சீமெந்து புளோரைட்டையும் வெளிவிடும். துளைக்கும் இயந்திரத்தின் சத்தம் இல்லாததால் பிள்ளைகள் பயப்படுவது குறைவு. வாய் நலத்தைக் கருப்பொருளாகக் கொண்ட 1994ஆம் ஆண்டு உலக சுகாதார தினத்தில் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தது. நரம்புவரை எட்டிய சொத்தைக்கும் சீழ் கட்டிய பல்லுக்கும் இது உதவாது.

கேள்வி: ஒருவருக்குப் பயன்படுத்திய கருவியைக் கொதிநீரில் போட்டெடுத்தால் போதாதா?
(வாசகர், காவத்தை)

பதில்: போதாது. ஏற்புவலியை உண்டாக்கும் கிருமி போன்ற சில, வித்தியாக மாறிக் கொதிநீரையும் தாங்கும். அழுத்த நீராவியில் இயங்கும் ஓட்டோகிளேவ் கருவியில் 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் அல்லது 134 பாகையில் 3 நிமிடமாவது வைக்க வேண்டும்.

அதற்கு முந்திய வேலை கழுவுதல். இரத்தமும் எச்சிலும் காய்ந்து ஒட்டியிருந்தால் நீராவி உலோகத்தைத் தொடாது. தடித்த கையுறை அணிந்து, குறட்டின் மூட்டைத் திறந்து, தெறிக்காதபடி நீருக்குள் வைத்தே தூரிகையால் தேய்க்க வேண்டும். பிறகு அலசி, உலர்த்தி, பொதியிலிட்டு ஓட்டோகிளேவில் வைப்பது முறை. பொதியில் நிறம் மாறும் நாடா சூடு பட்டதைத்தான் காட்டும். கிருமி அழிந்ததை வித்திச் சோதனையே உறுதிப்படுத்தும். துளைக்கும் கைப்பிடியையும் ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னரும் எண்ணெயிட்டு இவ்வாறே சுத்திகரிக்க வேண்டும். ஊசியையும் மரப்புமருந்துக் குப்பியையும் இன்னொருவருக்குப் பயன்படுத்தவே கூடாது.

மழை மிகுந்த இரத்தினபுரிப் பகுதியில் ஈரம் பெரிய பகை. காபன் உருக்குக் கருவி விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத உருக்கும் குளோரின் கரைசலில் நெடுநேரம் ஊறினால் குழிவிழும். ஓட்டோகிளேவில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். நனைந்த பொதி வழியே கிருமி மீண்டும் நுழையுமாதலால், நன்றாக உலர்ந்த பின்பே வெளியே எடுத்து, மூடிய அலுமாரியில் வைக்க வேண்டும். கிழிந்த அல்லது ஈரமான பொதியில் உள்ள கருவியை மறுபடி சுத்திகரிக்காமல் பயன்படுத்தக் கூடாது. தனக்கான கருவி மூடிய பொதியிலிருந்து எடுக்கப்படுகிறதா என்று கேட்க ஒவ்வொரு நோயாளிக்கும் உரிமை உண்டு.