தேர்தலில் நிற்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு

ஜெயித்தவர்களின் கதையை எல்லோரும் சொல்வார்கள். ஜெயித்து, தோற்று, மறுபடி ஜெயித்தவர்களிடம்தான் தொழில் கற்க முடியும். நான் காட்டும் ஆள், அமெரிக்காவின் ஹவாயைச் சேர்ந்த பாட்சி மிங்க்.

1. பட்ட அவமானத்தைக் குறித்து வையுங்கள். மாவி தீவின் கரும்புத் தோட்டப் பகுதியில் 1927-ல் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பெண் அவர். டாக்டராக ஆசைப்பட்டார், எந்த மருத்துவக் கல்லூரியும் இடம் தரவில்லை. சிகாகோவில் சட்டம் முடித்தார். கல்யாணமான பெண்ணுக்கு வேலை இல்லை என்றார்கள். சொந்தமாக அலுவலகம் போட்டார். அந்தக் கசப்பே பின்னால் சட்டமானது.

2. கீழ்ப்படியிலிருந்து ஏறுங்கள். ஹவாய் மாநிலமாகும் முன்பே, 1956-ல் அங்குள்ள கீழவைக்கும் 1958-ல் மேலவைக்கும் போனார். 1959-ல் நாடாளுமன்றத்துக்கு முயன்று, கட்சியின் முன்தேர்தலிலேயே டேனியல் இனோயேயிடம் தோற்றார். மனம் விடவில்லை. 1962-ல் மாநில மேலவை, 1964-ல் பிரதிநிதிகள் சபை. வெள்ளையரல்லாத பெண் ஒருவர் அந்தச் சபைக்குப் போனது அதுவே முதல் முறை.

3. சட்டத்தின் பிடி எங்கே என்று பாருங்கள். எடித் கிரீன், பர்ச் பே போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்களுடன் சேர்ந்து அவர் பாடுபட்ட 'டைட்டில் நைன்' சட்டம் 1972-ல் நிறைவேறியது. அதன் மூல வாசகம் ஆங்கிலத்தில் வெறும் 37 சொற்கள். மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வித் திட்டம் எதிலும் ஆண், பெண் என்று பாகுபாடு கூடாது. மீறினால் பணம் போய்விடும் என்பதால்தான் கல்லூரிகள் வழிக்கு வந்தன.

4. சட்டம் வந்துவிட்டது என்று அசந்துவிடாதீர்கள். 1975-ல் அதன் பல்லைப் பிடுங்க ஒரு திருத்தம் வந்தது. வாக்கெடுப்பு நேரத்தில், மகள் கார் விபத்தில் சிக்கினாள் என்று செய்தி. மிங்க் அவையை விட்டு ஓடினார். ஒரே ஒரு வாக்கில் அவர் தரப்பு தோற்றது. சகாக்கள் விடவில்லை, மறு வாக்கெடுப்பில் திருத்தத்தை வீழ்த்தினார்கள். நீங்கள் இல்லாத நேரத்திலும் உங்களுக்காக நிற்கும் நாலு பேரைச் சம்பாதியுங்கள்.

5. தோற்ற வழக்கையும் வீணாக்காதீர்கள். அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் நடக்கவிருந்த அணுகுண்டுச் சோதனை பற்றிய ஆவணங்களைக் கேட்டு வழக்குப் போட்டார். 1973-ல் உச்ச நீதிமன்றத்தில் தோல்வி. தகவல் அறியும் சட்டத்தின் ஓட்டை அதிலேயே அம்பலமானது. மறு ஆண்டே, ரகசியக் கோப்புகளை நீதிபதிகள் பார்க்கலாம் என்று அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதிபர் ஃபோர்டு தடுத்தும் நாடாளுமன்றம் கேட்கவில்லை.

6. இறங்கி வரக் கூச்சப்படாதீர்கள். 1976-ல் செனட் ஆசையில் இருந்த இடமும் போனது. பன்னிரண்டு ஆண்டு வாஷிங்டனில் இருந்தவர், 1983-ல் ஹொனலுலு நகர்மன்றத்தில் உட்கார்ந்தார். கவர்னர் தேர்தலிலும் மேயர் தேர்தலிலும் தோற்றார். 1990-ல் இடைத்தேர்தலில் வென்று பழைய சபைக்கே திரும்பி, 2002-ல் இறக்கும்வரை உறுப்பினராக இருந்தார்.

7. இன்றே தொடங்குங்கள். உங்களைப் பாதிக்கும் சட்டம் ஒன்றை எடுத்து முழுதாகப் படியுங்கள். மீறுபவருக்கு என்ன நஷ்டம் என்று அதில் தேடுங்கள். எதுவும் இல்லையென்றால், நீங்கள் கேட்க வேண்டிய முதல் திருத்தம் அதுதான்.